தங்குங் என்றொரு சொல்

பேசின் பாத்திரத்துக்குள் ரப்பர் பால் சுழன்றுகொண்டிருந்தது. மலேசியாவில், ஈப்போவுக்குத் தெற்கே, நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துப் பால் கொட்டகையில், அக்கா அதைக் குச்சியால் கலக்கிவிட்டுக் கையை எடுத்திருந்தாள். வெள்ளைச் சுழி தன்பாட்டில் சுற்றியது. பிறகு ஆசிட்டைத் தாராளமாகவே ஊற்றினாள். பாலுக்குள் கண்ணுக்குத் தெரியாத யாரோ கைகோத்துக்கொள்வதுபோல் இருந்தது. சுற்று தடுமாறியது, இழுத்தது, உறைந்து நின்றது. "நிக்குதுலா," என்றாள், என்னிடம் அல்ல, பேசினிடம்.

எழுபதுகளின் கடைசி அது. அக்கா ஆறாம் படிவம் முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வரும்வரை என்று அந்தக் கொட்டகையில் வேலைக்கு நின்றாள். ஈப்போ நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஆங்கில அறிவியல் இதழ் ஒன்று அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வானத்து வாயுமேகம் தன் எடையாலேயே சுருங்கும். சுருங்கச் சுருங்க வேகமாகச் சுற்றும். நடுவில் நட்சத்திரம் பிறக்க, சுற்றும் வேகத்தால் உள்ளே விழாமல் தப்பிய வாயு அதைச் சூழ்ந்து தட்டையான வட்டாகப் பரவும். அந்த வட்டிலிருந்துதான் கோள்கள், மண், மழை, நாம். ஆனால் மேகத்தினூடே காந்தப்புலமும் இழை இழையாக ஓடுகிறது. உள்ளே சுற்றும் வாயுவை, வெளியே சோம்பிக் கிடக்கும் மேகத்தோடு அந்த இழைகள் கட்டிப்போட்டு, சுழற்சியை உறிஞ்சிவிடுமாம். அப்படியானால் எல்லாமே நட்சத்திரத்துக்குள் விழுந்துவிட வேண்டும். வட்டே இருக்கக்கூடாது.

"இது சரின்னா நம்ம யாருமே இல்ல," என்பாள்.

"வேலைய மேய்க்கிற மண்டோருமா இல்ல?"

"அந்தாளு மட்டும் இருப்பாருலா. எவ்ளோ வெரட்டினாலும் போக மாட்டாரு."

பதில் ஒரு மத்தியானம் வந்தது, மலாயில். அக்கா ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். அவளுடைய மலாய் சந்தைக்கு மட்டும் போதும். மலாய்வழியில் படித்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுக்காரி நான்தான் உரக்கப் படித்தேன். இடம் கிடைத்திருந்தது. செலவையெல்லாம் அரசே ஏற்கும் என்ற வரியில் 'தங்குங்' வந்தது. தாங்கிக்கொள்வது என்று பொருள். அப்பாவின் காதில் விழுந்ததோ 'தங்கு' என்ற வேறொரு மலாய்ச் சொல், ஒத்திவைப்பது. எங்கள் லயத்து வீட்டுக் கூரைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஆண்டாண்டாக அவருக்குச் சொல்லிவந்த பதில் அது ஒன்றுதான். தமிழ்க் காதுக்கு அது 'இங்கேயே இரு' என்றும் கேட்கும்.

"'தங்கு'ன்னா போட்டிருக்கு? அப்ப அடுத்த வருசம்தான். போவட்டும், புள்ள வீட்டுல இருக்கட்டும்," என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்படியா பாப்பா?"

அவள் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். ஆமென்று தலையாட்டினேன். இரண்டு வாரத்துக்குள் சம்மதம் எழுதச் சொன்ன கடைசி வரியைப் படிக்கவே இல்லை.

யாரும் அழவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. மறுநாள் அவள் கொட்டகைக்குப் போனாள். அடுத்த வருடம் எந்தக் கடிதமும் வரவில்லை. எண்பதுகளில் தோட்டம் கைமாறியது, ஈப்போவுக்கு வந்தோம். அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்களுக்கு வில்லை பொருத்தியே வயதானாள். நான் இன்றும் காப்பியைக் கலக்கிவிட்டு, அந்தச் சுழி நிற்பதைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன். பழைய கணக்கீடுகள் மேகத்தை அமைதியானதாக, காந்த இழைகளை ஒழுங்கானவையாக வைத்துக்கொண்டனவாம். உண்மையான மேகம் கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்பு இழைகளைச் சாய்க்கிறது, சிக்கலாக்குகிறது; பிடி தளர்கிறது; வட்டு பிழைத்துக்கொள்கிறது. அதை அக்காவிடம் சொல்வதற்கென்றே அவள் வீட்டுக்குப் போனேன்.

முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்ப கொஞ்சம் கலாட்டா வேணுங்குற."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்த வாரமே டிக்சனரில பாத்துட்டேன் பாப்பா. தங்கு இல்ல, தங்குங்."

"ஏங்க்கா சொல்லல?"

"அப்பா மூஞ்சியப் பாத்து எனக்கு வாய் வரல. நீயாச்சும் சொல்லுவேன்னு ரெண்டு வாரம் பாத்தேன்லா."