சைலன்சருக்குப் போட்ட பட்டி

என் வலது கெண்டைக்காலில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. இரண்டும் எங்கள் பைக் கொடுத்தவை.

சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து போனவரை ஒன்றும் ஆகவில்லை. தாராவியில் பேக் தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, சுடிதாருக்கு மாறி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்த பிறகுதான் சைலன்சர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் பளபளவென்று வளைந்த குழாய் ஒன்றை மாட்டியிருந்தார். மேலே தடுப்புத் தகடு கிடையாது.

இரண்டாவது முறை சுட்டபோது ஆண்டாப் ஹில் மெக்கானிக்கிடம் இதற்கு என்ன வழி என்று நானே கேட்டேன். அவர் அகல நாடா போன்ற ஒரு சுருளைக் கொடுத்தார். சூடு தாங்கும் கண்ணாடி இழையில் நெய்தது. காயத்துக்குச் சுற்றும் துணியைச் சொல்வதுபோல எல்லோரும் அதைப் பட்டி என்றார்கள். தண்ணீரில் ஊறவைத்து இறுக்கிச் சுற்ற வேண்டும், முதல் தடவை சூடேறும்போது புகை வரும், பயப்படக் கூடாது என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது.

"ஏ பிள்ள, இவ்வளவு அழகா இருக்கிறதுக்குப் போயி மாவுக்கட்டுப் போடச் சொல்லுதியே. வண்டிக்குக் கால் ஒடிஞ்சுட்டான்னுல்லா கேப்பானுவ?"

"கேட்டா கேக்கட்டும். என் காலப் பாத்துட்டு எல்லாரும் கேக்கத்தான செய்யாங்க?"

அவர் சுருளை வாங்கி வண்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மதியம் சான்பாடாவில் என் தங்கைக்கு வளைகாப்பு. அதற்குள் முடித்துவிடலாம் என்று சந்தில் வண்டியை நிறுத்தினோம். முதலில் அவர்தான் சுற்றினார். வளைவுக்கு வந்ததும் தொளதொளவென்று அவிழ்ந்து விழுந்தது. மூன்று முறை அப்படியே. நான் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறையில் நாள் முழுக்க பேக் ஓரத்துக்கு நாடா வைத்துத் தைப்பவள் நான். எவ்வளவு இழுத்தால் சுருக்கம் விழாது என்று விரலுக்கே தெரியும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தது. கடைசியில் கம்பி கட்டி முறுக்கினேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றேன்.

வண்டி உறுமியது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் புகை கிளம்பிச் சந்து முழுவதையும் மறைத்துவிட்டது. எங்களுக்குத் தெரியும், சந்துக்குத் தெரியாதே. மாடி வீட்டு அக்கா, "ஆக்! ஆக்! நெருப்பு!" என்று இந்தியிலும் தமிழிலும் கத்திக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட வண்டியில் படவில்லை. வளைகாப்புக்கென்று தேய்த்துப் போட்டிருந்த சட்டையோடு என் வீட்டுக்காரர் நனைந்துபோய் நின்றார்.

"ஐயோ தம்பி, ஒனக்கு ஒண்ணும் ஆவலையே?"

"இப்பதான் ஆச்சு, அக்கா!"

சந்து முழுக்கச் சிரித்தது. நான் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் முகத்தைத் துடைத்தபடி சிரித்தார்.

வேறு சட்டையில் கிளம்பினோம். செம்பூர் சிக்னலில் ஒரு லாரிக்காக அவர் வண்டியைச் சாய்த்தபோது என் கால் குழாயில் பட்டது. பழக்கதோஷத்தில் அலறிவிட்டேன். அவர் பதறி வண்டியை ஓரங்கட்டினார்.

"சுட்டுட்டா? எங்க, காட்டு!"

சுடவில்லை. மிதமான சூடுதான் இருந்தது. "சுடல," என்றேன். "நெசமாவே சுடல!" ரோட்டோரம் என்றும் பார்க்காமல் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினேன்.

வாஷி பாலத்தில் காற்று துப்பட்டாவைத் தூக்கியது. முதல் தடவையாகக் காலைக் கவனிக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனேன்.

தங்கை வீட்டு வாசலில் அவளுடைய வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "யாரு, மெக்கானிக் போட்டதா?"

"இல்ல, இவ போட்டது," என்றார் என்னவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மாவுக்கட்டைப் பற்றி மூச்சே விடவில்லை.

உள்ளே தங்கைக்கு வளையல் போடும்போது, கண்ணாடி இழை குத்திய என் மணிக்கட்டு நமநமவென்று அரித்தது. சொறிந்துகொண்டே அவளுக்கு வளையல் அடுக்கினேன்.