எல்லைக்கு இந்தப் பக்கம்

"நீ சொல்லு ரூத், மேபலை எங்க குட்டி போட வைக்கலாம்? பென்சில்வேனியாவா, இங்கேயேவா?"

தீவனக் கடையில் ஓட்ஸ் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த என்னிடம் டார்லா கேட்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள். "நம்ம மேரிலாந்துல வளர்க்கிறவங்களுக்கு நல்லாக் குடுக்கிறான். ஆனா பென்சில்வேனியாவுல உள்ளூர்க் குதிரைக்குன்னு பந்தயம் ஜாஸ்தி. நியூயார்க்ல பணம் கொட்டுதாம். கொட்டட்டும், சினைக் குதிரையை அங்க கொண்டுபோய்க் கட்டித் தீனி போட யாரால முடியும்? வெஸ்ட் வர்ஜீனியாவுல இந்த வருஷம் சட்டத்தை மாத்தப் போறானாமே?" பிறகு கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் திரும்பி, "நீயாவது சொல்லு" என்கிறாள். "அதெல்லாம் அப்புறம் டார்லா, இப்ப கார்டா காசா?" என்று அவள் கேட்க, வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். டார்லா சிரிப்பதில்லை.

சிரிக்கிற விஷயமும் இல்லை. பந்தயக் குதிரை எந்த மாநிலத்துத் தரையில் பிறந்து விழுகிறதோ, ஆயுளுக்கும் அந்த மாநிலத்துக் குதிரை. அந்த மாநிலத்துக் குதிரைகளுக்கு மட்டும் என்று தனிப் பந்தயங்கள் உண்டு. அது ஜெயிக்கும்போதெல்லாம், வேறு யாருக்கோ விற்றுப் பல வருடம் ஆகியிருந்தாலும், பிறக்க வைத்தவர்களுக்கு ஒரு பங்கு வரும். எங்கள் சாலை வடக்கே ஒரு மேடு ஏறி இறங்கினால் பென்சில்வேனியா. எல்லையில் வீடு இருப்பதுதான் டார்லாவின் வியாதிக்குப் பாதிக் காரணம் என்று அவள் தம்பி வெர்னன் சொல்வான்.

மீதிப் பாதி பிறவியிலேயே வந்தது. வெயில் அடிக்கும் நாளிலும் மழைக்கோட்டோடுதான் இருப்பாள். வானம் தெளிவாக இருந்தால், "இந்த நீலத்தை நான் நம்ப மாட்டேன்" என்பாள். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. லாயத்துக் கதவில் சாய்ந்தபடி, ஆறிப்போன முட்டை சாண்ட்விச்சை நாலு கடி. மருத்துவர் வந்து மேபலைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனால், உடனே எனக்கு ஃபோன் வரும். "நல்லாயிருக்கு, நல்லாயிருக்குன்னு ரெண்டு தடவை சொன்னாரு ரூத். ஒரு தடவை சொன்னா போதாதா? எதையோ மறைக்கிறாரு."

மேபல்தான் அவளிடம் இருக்கும் ஒரே நல்ல பெண் குதிரை. நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்து இந்த மார்ச்சோடு மூன்று வருடம். அதற்கு முந்தைய பிரசவத்தில் குட்டி செத்தே பிறந்திருந்தது. சூப்பைச் சூடு பண்ண டார்லா வீட்டுக்குள் போய் வந்த இடைவெளியில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பின் அவள் சூப் வைத்து நான் பார்க்கவில்லை.

அந்த மார்ச்சுக்கு முந்தைய டிசம்பரில் பென்சில்வேனியா என்று முடிவு செய்தாள். ஜனவரியில் நியூயார்க். பிப்ரவரியில் எங்கும் போக வேண்டாம் என்றாள். மார்ச்சில், பென்சில்வேனியாவில் குதிரை பழக்கும் கிளென் ரிட்டர் என்பவர், "குட்டி இங்க பிறந்தா நானே வாங்கிக்கறேன்" என்று சொல்ல, மறுபடியும் பென்சில்வேனியா. அங்கே ஒரு பண்ணையில் இடம் பேசி, பிரசவத்துக்குப் பிறகு, அங்கத்து விதிப்படி, மேபலை அந்த ஊர்ப் பொலிகுதிரையிடமே விடுவதாகவும் ஏற்பாடு ஆனது. இதற்குள் மேபலின் காம்புகளில் மெழுகு போலச் சீம்பால் திரண்டுவிட்டது. ஓரிரு நாளில் பிரசவம் என்பதற்கு அது அடையாளம்.

மழை கொட்டிய ஒரு மதியம் டிரெய்லரில் ஏற்றினோம். வெர்னன் ஓட்டினான், நடுவில் டார்லா, ஜன்னலோரம் நான். மேடு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது பின்னால் டிரெய்லர் சுவரில் ஓர் உதை. இன்னொன்று. பிறகு வண்டியே ஆடியது.

"நிறுத்துடா!"

"மேடு ஏறினா பென்சில்வேனியாக்கா! அஞ்சே நிமிஷம்!"

"குட்டிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கான்னு போய்க் கேட்டுட்டு வா! நிறுத்து!"

சாலையோரத் தேவாலயத்தின் வண்டி நிறுத்தும் இடத்தில் வெர்னன் வண்டியைத் திருப்பினான். பின்கதவைத் திறந்தோம். மேபலின் வாலுக்குக் கீழே வெள்ளையாக வர வேண்டிய பனிக்குடம் வரவில்லை. சிவப்பு வெல்வெட் துணி போல ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டால் அப்படித்தான் வரும். உள்ளே குட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். போன தடவையும் இதே சிவப்புதான்.

காபிக் கோப்பையைக்கூட நடுங்காமல் பிடிக்கத் தெரியாதவள் டார்லா. வெர்னன் மேபலைப் புல்லில் இறக்கியதும், கோட்டுப் பையிலிருந்து கத்தரியை எடுத்து அந்தச் சிவப்பை ஒரே வெட்டில் கிழித்தாள். முன்னங்கால்கள் தெரிந்தன. மேபல் படுத்துவிட்டது. டார்லா சேற்றில் மண்டியிட்டு ஒரு காலையும், நான் ஒரு காலையும் பிடித்து இழுத்தோம்.

குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அசையவில்லை.

டார்லா கோட்டைக் கழற்றி அதன் விலாவைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே திட்டினாள். "மூச்சு விடுடி. ஏய், உன்னைத்தான். இவ்வளவு தூரம் வந்துட்டு என்னடி வீம்பு? விடுடி, கழுதை!" நான் மேபலைப் பார்த்தேன், மேட்டைப் பார்த்தேன், குட்டியைப் பார்க்கத் தைரியம் இல்லை. அப்போது ஒரு தும்மல் கேட்டது.

பெண் குட்டி, செம்பழுப்பு நிறம். வெர்னன்தான் முதலில் பேசினான். "அக்கா, மழைல ஒரு ஈ காக்காகூட இல்ல. ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு மேட்டைத் தாண்டிருவோம். அங்கதான் பிறந்துச்சுன்னு சொன்னா யாரு கேக்கப் போறா?"

டார்லா மேட்டைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. மாநிலங்களை மறுபடியும் ஒப்பிடுகிறாள் என்று நினைத்தேன். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வேணாம்டா" என்றாள். "பயப்படறதுக்கு என்கிட்ட ஏற்கெனவே நூறு விஷயம் இருக்கு. எவனாவது வந்து கேப்பானோன்னு ஆயுசுக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது. வண்டியைத் திருப்பு."

சொன்னவள் நிம்மதியாக வரவில்லை. வீடு வரும்வரை அழுதாள், வெர்னனைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், மாதத்துக்கு ஒரு முடிவு எடுத்த தன்னையே திட்டிக்கொண்டாள். மேரிலாந்துக் குதிரை என்றே பதிவு செய்தாள். கிளென் ரிட்டர் "பாக்கலாம்" என்றார். பிறகு ஃபோனை எடுக்கவில்லை. அடுத்த வருட ஏலத்திலும் நெட்டி என்ற அந்தக் குட்டியை யாரும் கேட்கவில்லை. கடைசியில் மேரிலாந்தின் லாரல் பந்தய மைதானத்துப் பயிற்சியாளர் ஒருவர், கூலிக்குப் பதிலாகப் பாதிப் பங்கு என்று எடுத்துக்கொண்டார்.

போன இலையுதிர்காலத்தில் நெட்டி முதல்முறையாக ஓடியது. மேரிலாந்தில் பிறந்தவற்றுக்கு மட்டுமான பந்தயம். வேலியோரம் எல்லாரும் ஓடுபாதையைப் பார்த்து நிற்க, டார்லா அதற்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடி, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க இருக்கா? வேணாம், சொல்லாத. விழுந்துட்டாளா? சொல்லேன்!"

"மூணாவதா வர்றா டார்லா! மூணாவது!"

வெர்னன் தொப்பியை எறிந்தான். பயிற்சியாளர் கை கொடுக்க வந்தார். டார்லா அந்தக் கையைக் கவனிக்காமல் அவரைத் தாண்டிப் போனாள். நெட்டி உடம்பெல்லாம் ஆவி பறக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதன் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, அந்த மூச்சு சீராகும்வரை அப்படியே நின்றாள்.