ஊதுபத்தியும் வடதுருவக் காற்றும்

பிள்ளைகளே, அப்பா பனிக்கரடி பார்த்தாரா என்று கேட்காதீர்கள். நான் வடதுருவம் போகவில்லை. அங்குள்ள காற்றுத்தான் அப்பாவின் சரக்கு வாகனத்தில் ஏறி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு லாசாலில் நம் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒன்பதுக்கு விமான நிலையச் சரக்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். மரியா காத்திருந்தாள். மன்னார் ஊர்ப் பெண், நகர நடுவில் டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வடதுருவத்தில் வாரத்துக்கு ஒன்றாகக் காற்றை வடிகட்டிய தாள்கள், ஒவ்வொன்றும் ஒரு பைக்குள், அவளுடைய பெட்டியில் இருந்தன. அவளுடைய பட்டமே அந்தத் தாள்களை நம்பித்தான்.

"தாளில கதிர்வீச்சு இருக்கு எண்டியே, பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"நாங்கள் நெடுக மூச்சில இழுக்கிறதுதான் அண்ணை. பெரிலியம் மேல வானத்தில உண்டாகும். ஈயம் மண்ணில இருந்து வாற வாயுவில பிறக்கும். எது கூட எண்டு பாத்தா, காத்து மேல இருந்து இறங்கினதோ, எங்கட பக்கத்துப் புகையைக் காவிக்கொண்டு போனதோ எண்டு பிடிக்கலாம். புகை படிஞ்சா பனி கறுக்கும், கெதியா உருகும்."

பெட்டியை ஏற்றினோம். அவள் கையெழுத்துப் போடப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் முதல் சாமான் ஏறியதும் டாஷ்போர்டுப் பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்துவது என் வழக்கம்; கொளுத்தினேன். புகை என்றால் தொழிற்சாலைப் புகை. சாமிக்கு வைப்பது என் கணக்கில் புகையே இல்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தவள் கத்தினாள்.

"ஐயோ அண்ணை! நூருங்கோ அதை!"

அணைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குளிரில் விறைத்து, ஒரு பையின் ஒட்டுநாடா விட்டிருந்தது. பெப்ரவரியில் ஒரு வாரத்துத் தாள் அது; புகை உள்ளே போயிருக்கும். டவுன்டவுனுக்கு இருபது கிலோமீட்டர். கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, குளிரில் நடுங்கியபடி போனோம். இறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கட மாதா கோயிலிலயும் சாம்பிராணிதான் அண்ணை," என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. "ஆனா உப்பிடிப் பெட்டிக்குப் பக்கத்தில இல்லை."

பத்து நாள் கழித்து அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"அந்த வாரத்துப் புகைக்கணக்கு போச்சுது. நடந்ததை ஆய்வில அப்பிடியே எழுதிப்போட்டன். பெரிலியக் கணக்கு தப்பிட்டுது. உங்கட ஊதுபத்தி வானத்தில விளையேல்லைத்தானே! மற்றப் பைகள் எல்லாம் சுத்தம். பட்டத்துக்குப் பிரச்சினையில்லை."

லாசாலில் சமைக்கிற, ஓட்டுகிற, கொளுத்துகிற புகை லாசாலோடு முடியும் என்றுதான் நான் இத்தனை நாளும் இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு, வாகனக் கதவுகளை மூடிவிட்டு, வெளியே பனிமேட்டில் ஊதுபத்தியைக் குத்திக் கொளுத்தினேன். புகை வீட்டுக் கூரையைத் தாண்டி வடக்கே சாய்ந்தது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பாதி எரிந்ததைத் திருப்பிப் பனிக்குள் குத்தி அணைத்தேன்.