மூன்றாவது ரொட்டி

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். குடுவையில் இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதினால் வேலை போய்விடும். அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை. குறைத்திருக்கலாம், சில விஷயங்களை எழுதக் கை வரவில்லை.

லிஸ்பனில் நானும் என் கணவன் டெல்மோவும் ஒரே அறையில் இருந்தோம். கட்டிலில் உட்கார்ந்தால் கால் அடுப்பில் இடிக்கும். நான்கு வருடமாக ஒரு குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்தோம். பிறக்கவில்லை. பிறகு அந்த அறையையும் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நகரத்தில் எங்கள் சம்பளத்துக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், பரெய்ரோவில் கிடைத்தது. நான்காவது மாடி. இரண்டு அறைகள். வேலைக்குத் தினமும் படகில் போய்வர வேண்டும். வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.

"இந்தச் சின்ன ரூம் அதுக்குத்தான்," என்றான் டெல்மோ. எதற்கு என்று சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த வாரமே மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்தான்.

வாசல் கதவின் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. ரொட்டிப் பை. அந்தப் பக்கங்களில் இன்னும் அந்தப் பழக்கம் உண்டு. இரவில் காலிப் பையை மாட்டிவிட்டுத் தூங்கினால், விடிவதற்குள் ரொட்டிக்காரர் வந்து போட்டுவிட்டுப் போவார். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனதாக இருக்கும். நான் கழற்றவில்லை.

மறுநாள் காலை அதில் இரண்டு ரொட்டிகள் இருந்தன. கையளவு, உருண்டையாக. வீட்டுக்காரர் சொல்லி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

"வீடு மலிவு, ரொட்டி சும்மா. கொஞ்ச நாள்ல சம்பளமும் பையிலயே வந்துரும் பாரு," என்றான் டெல்மோ.

ஒன்று மட்டும் உறுத்தியது. அப்போதுதான் சுட்டதுபோல மெத்தென்று இருக்கும். ஆனால் தொட்டால் ஜில்லென்று இருக்கும்.

சின்ன அறைச் சுவரில் மஞ்சள் பெயின்ட் காய்ந்த வாரம், பையில் மூன்று ரொட்டிகள்.

மறுநாளும் மூன்று. 'இரண்டு போதும்' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பைக்குள் போட்டேன். தாள் அப்படியே இருந்தது. அதன் மேல் மூன்று. பையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுத் தூங்கினேன். அன்று கால்மிதியின் மேல், வரிசையாக... மூன்று.

பையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அந்த மாதம் எனக்கு நாள் தள்ளியிருந்தது. டெல்மோவிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பிவிடுவான்.

எதிர் வீட்டில் கிராசியேட் அம்மா தனியாக இருந்தார். அறுபது வயதிருக்கும். எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேச வராது. அவர் குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது எப்படியோ கேட்டுவிட்டேன்.

"இங்க ரொட்டிக்காரர் யாருங்க? அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"எந்த ரொட்டிக்காரன்? இந்தக் கட்டடத்துக்கு எவன் வர்றான் இப்ப? அல்பானோ செத்ததோட சரி. இதே மாடிதாம்மா. உன் கதவு முன்னாடிதான் விழுந்து கிடந்தாரு. கைல ரொட்டி. நான்தான் மொதல்ல பாத்தேன்."

அவர் என் முகத்தையும் கதவில் தொங்கிய பையையும் பார்த்தார். குப்பைப் பையைக் கீழே வைத்தார்.

"எத்தன வைக்கிறாரு?"

"மூணு."

அவர் பார்வை என் வயிற்றுக்குப் போனது. முகம் மலர்ந்தது.

"அடி கள்ளி. அதுக்கு ஏன் அழற மாதிரி நிக்கிற? அவரு எண்ணிக்க தப்பினதே இல்ல. யாரையும் கேக்கமாட்டாரு. கதவுல காத வச்சு, உள்ள எத்தன மூச்சுன்னு எண்ணுவாரு. அத்தன ரொட்டி. என் பொண்ணு ரூமுக்குள்ள ஒருத்தன ஒளிச்சு வச்சிருந்ததே எனக்கு ரொட்டியாலதான் தெரியும். அந்தக் கழுததான் இப்ப என் மாப்பிள்ள."

சிரித்தார். நானும் சிரித்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என் வயிற்றைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். செத்தவர் சொன்ன சேதியாக இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூச்சு விடாது.

அன்று மாலை மருந்துக்கடையில் பரிசோதனைக் குச்சி வாங்கினேன். இல்லை என்றது. ரத்தம் கொடுத்தேன். அதுவும் இல்லை என்றது. சில நாளில் மாதவிலக்கும் வந்துவிட்டது.

பையில் மூன்று.

டெல்மோவுக்கு லிஸ்பனில் ஓட்டல் வேலை. அந்த வியாழக்கிழமை இரவுப் பணி போட்டார்கள்.

"போகாத," என்றேன்.

"போகலன்னா நாளைக்கு வேற ஆளப் போட்ருவாங்க நீடியா. இந்த வீட்டையும் விட்டுட்டு எங்க போறது?"

அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன்.

அவன் போன பிறகு வீட்டில் நான் ஒருத்தி. விளக்கைப் போடவில்லை. வாசல் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு முறை உண்டு. முடிவில் சந்தேகம் வந்தால், எதுவுமே கலக்காத வெறும் குடுவையைச் சோதித்துப் பார்ப்போம். அதில் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். அவர் எண்ணும்போது நான் மூச்சை அடக்கிவிட வேண்டும். அப்படியானால் பை காலியாக இருக்க வேண்டும்.

மணி ஐந்து பத்து. படியில் காலடி. தேய்த்து... தேய்த்து... இரண்டாவது மாடி. மூன்றாவது மாடி.

என் கதவருகே நின்றது.

மரத்தில் ஏதோ மெல்ல உரசியது. என் தலைக்கு மேலே. ஒரு காதின் உயரத்தில்.

மூச்சை அடக்கினேன்.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு கேட்டது.

கதவுக்கு வெளியே அல்ல. எனக்கு முன்னால். மஞ்சள் அறையில்.

உள்ளே... வெளியே.

உள்ளே... வெளியே.

தூங்குகிற மூச்சு. சின்ன மூச்சு.

பை சரசரத்தது. காலடி இறங்கிப் போகவில்லை. இல்லாமல் போனது.

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. பைக்குள் கையை விட்டேன்.

ஒன்று.

அது எனக்கு வைத்தது அல்ல.

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். டெல்மோ வந்து இறங்கும்வரை படகுத்துறையில் நின்றேன். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் நான் கால் வைக்கவில்லை. சாமான்களை அவன்தான் எடுத்து வந்தான். மஞ்சள் அறையில் எதுவுமே இல்லை என்றான். இப்போது செதூபல் என்ற ஊரில் அவன் அண்ணன் வீட்டுக் கூடத்தில், சோபாவை விரித்துப் படுக்கிறோம். எவ்வளவு நாளைக்கு என்று அண்ணி கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதும் தெரிகிறது.

போன மாதம் கிராசியேட் அம்மா ஃபோன் செய்தார். வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லையாம். பையைக் கழற்ற அவருக்குத் தைரியம் இல்லை. தினமும் காலையில் எட்டிப் பார்ப்பாராம்.

"இப்ப ஒண்ணுதான வைக்கிறாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணா? யாருக்கு? நீ போன அன்னைலேர்ந்து வெறும் பைதாம்மா தொங்குது. உள்ள மூச்சு விட ஏதாவது இருந்தாத்தான அவரு வைப்பாரு."

ஃபோனை வைத்துவிட்டேன்.

மஞ்சள் அறையில் தூங்கியது இப்போது அங்கே இல்லை.

டெல்மோவிடம் இதைச் சொல்லவில்லை. அவனுக்கு இரவுப் பணி வரும் நாட்களில் கூடத்தில் நான் மட்டும் படுத்திருக்கிறேன். எவ்வளவு பயந்தாலும் ஒன்றை மட்டும் செய்வதில்லை.

மூச்சை அடக்கிப் பார்ப்பதில்லை.