மஞ்சள் வந்தால் குடிக்கலாம்

என் அண்ணி குடிநீர் வாரியத்தில் தண்ணீர் பரிசோதிக்கிறவள். தினமும் காலையில் தெருக்குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி டியூபில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுவாள். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். நிறம் மாறாவிட்டால் ஆபத்து. இவ்வளவுதான் விஷயம்.

போன வருடம் ஒரு டிவிக்காரன் இதைப் படம் பிடித்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் திரை முழுக்க அந்த மஞ்சள் டியூப்: "குழாயில் விஷம்! மூடி மறைக்கும் பெண் அதிகாரி!" பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவள் அதிகாரியாம்! தெருவே திரண்டு வந்து கத்தியது. எதிர்வீட்டு டெய்லரம்மா டியூபைப் பிடுங்கி உடைத்தாள். அண்ணி அசரவில்லை. எல்லார் முன்னாலும் குழாயைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். ஆத்திரத்தில் நான்தான் அழுதேன்.

மறுநாளிலிருந்து நடுத்தெருவில் டியூபை உயர்த்திப் பிடித்து, "மஞ்சள் வந்துருச்சு, குடிக்கலாம்!" என்று கூவ ஆரம்பித்தாள். கிண்டல் செய்தார்கள். அவள் விடவில்லை. யாருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை என்றதும் டிவியின் மானம் கப்பலேறியது. பிறகு டிவியில் மழை என்று சொன்னால், தெருக்காரர்கள் துணி காயப்போட்டார்கள்.

போன வாரம் குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட்டது. டியூபில் நிறமே மாறவில்லை. அண்ணி போன் போட்டு வால்வை அடைக்கச் சொன்னாள். ஆனால் அதற்குள் வீடுகளில் தண்ணீர் பிடித்தாகிவிட்டது. "குடிக்காதீர்கள்!" என்று டிவி அலறியது. இந்தத் தடவை உண்மை. ஒருவரும் சட்டை செய்யவில்லை.

அதே டிவிக்காரன் மைக்கோடு ஓடி வந்தான். "அக்கா, நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"உன் பொட்டியில வந்து சொன்னா என்னையும் நம்ப மாட்டாங்க. தள்ளு, வழியை விடு."

நேராக டெய்லரம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே குடம் நிறைய தண்ணீர், பக்கத்தில் டம்ளரோடு அவள் மகள்.

"குடிக்காத, கீழ வை!"

"டிவியில சொன்னதுதானே?" என்றாள் டெய்லரம்மா.

"டிவியை விடு. உன் குடத்துத் தண்ணிய நீயே இந்த டியூபுல ஊத்து."

ஊற்றினாள். அண்ணி மருந்தை விட்டாள். தண்ணீர் அப்படியே இருந்தது. டெய்லரம்மாவுக்கு முகம் வெளுத்தது. மறுபடியும் அண்ணியின் கையிலிருந்து டியூபைப் பிடுங்கினாள். மறுபடியும் உடைக்கப்போகிறாள் என்று நான் பாய்ந்தேன்.

நடுத்தெருவுக்கு ஓடி அதை உயர்த்திப் பிடித்தாள். "அய்யோ, இன்னிக்கு மஞ்சள் வரல! யாரும் குடிக்காதீங்க!"

வீட்டுக்கு வீடு குடங்கள் கவிழ்ந்தன.