நாலு வரி மாற்றமும் சின்னப் பேச்சியும்

கிர்ர்ர்... கிர்ர்ர்... என்று பிரிண்டர் பல்லைக் கடிக்கிற சத்தம். பேப்பரை முகர்ந்தால் ஏலக்காய் வாசனை. போடியில் ஒரு பழைய ஏலக்காய் குடோனைத் தடுத்துத்தான் எங்கள் கம்ப்யூட்டர் ரூம் போட்டிருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசி. மலை எஸ்டேட்டுகளுக்கு ஆள் லிஸ்ட் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. லிஸ்டில் பேர் இருந்தால்தான் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் இடம். மேலே லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில், தங்குவதற்கு ரூமும் அப்படித்தான்.

எங்கள் புரோகிராம்களை எல்லாம் ஓட்டுவதற்குப் பொதுவாக ஒரு லைப்ரரி, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளைகளின் தொகுப்பு. ஒரே பிளாப்பி. அதில் யார் கை வைப்பதானாலும் மாற்றத்தைப் பேப்பரில் அடித்து என்னிடம் தர வேண்டும். நான் படித்து, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். அந்தப் பேனாவைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி குத்தியிருப்பேன்... அவ்வளவு கெத்து!

ஒருநாள், மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்திருந்த ரவி நாலே வரி நீட்டினான்.

"சார், ஒரே பேரு, ஒரே அப்பா பேரு, ஒரே ஊருன்னு ரெண்டு வாட்டி வந்தா ஒண்ண தூக்கிடும். லிஸ்ட் சுத்தமாயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. டைப் அடிக்கிறவர்கள் ஒரே ஆளை இரண்டு தடவை அடித்துவிடுவது உண்டு. டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் குலசாமி பேரை அக்கா, தங்கச்சி இரண்டு பேருக்குமே வைப்பார்கள். கூப்பிடும்போது பெரியவள், சின்னவள். ஏட்டில் இருவரும் பேச்சியம்மாள்தான். ரவிக்கு இது தெரியாது. எனக்கு? என் சொந்த அத்தைகள் இரண்டு பேருக்குமே ஒரே பேர். மடையன் நான்.

நாலாம் நாள் காலை, பக்கத்துத் தேவாரம் ஊர்ச் சின்னப் பேச்சி எங்கள் வாசலில் நின்றாள். கையில் துணிமூட்டை. பன்னிரண்டு வருஷமாக மலையில் ஏலக்காய் பறித்தவள்.

"அண்ணே, அக்கா பேரு இருக்காம், எம்பேரு இல்லையாம். ஜீப்புல இருந்து எறக்கி விட்டுட்டாக."

"மிஷினு விட்டுப்போச்சும்மா" என்றேன். நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"மிஷினுக்கும் எனக்கும் என்னண்ணே பகை?"

எஸ்டேட்டுக்குப் போன் போட்டேன். "ஆளு சேந்தாச்சு, இனி அடுத்த வருஷம் பாப்பம்" என்று வைத்துவிட்டார் மேனேஜர். அவளுடைய லயத்து ரூமும் கைமாறிவிட்டது. அடுத்த வருஷமும் கூப்பிடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள் என்று அவள் அக்கா சொன்னாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இப்போது மாற்றமெல்லாம் ஸ்கிரீனிலேயே வருகிறது. இன்று காலையும் ஒரு லைப்ரரி மாற்றம். மூன்று பேர் பார்த்துப் பச்சை டிக் போட்டாச்சு, என்னுடையது மட்டும் பாக்கி. கூட வேலை பார்க்கிற பெண் சிரிக்கிறாள். "என்ன சார் இவ்ளோ யோசிக்கிறீங்க? தப்பாப் போனா பழசுக்கே மாத்திக்கலாம்."

மாற்றிக்கொள்ளலாம்தான்... நானும் அன்றைக்கே மாற்றினேன். அந்த நாலு வரியை அழிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஜீப், சின்னப் பேச்சி இடத்தில் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டு மெட்டு தாண்டியிருந்தது.