முகாம் மேசையில் ஒரு விளையாட்டு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கப்பல் முகவர் கந்தோரில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். யுத்த காலம் என்பதால் வருகிற கப்பல்களும் குறைவு, வேலையும் குறைவு. சீனன்குடாப் பக்கம் கோதுமை இறக்க வந்த கப்பல் ஒன்றின் வெளிநாட்டு அதிகாரி, பணி முடிந்து ஊருக்குப் போகும்போது ஒரு கட்டுப் பழைய சஞ்சிகைகளை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். பெட்டியில் இடமில்லையாம்.

எல்லாம் ஆங்கிலம். அட்டையில் நெருப்புக் கக்கும் மிருகங்களும் வாள் பிடித்த பெண்களும். உள்ளே முழுக்க ஒரேயொரு விளையாட்டைப் பற்றித்தான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, 'நான் இப்படிச் செய்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கதைக்குள் போவார்கள். சஞ்சிகை கனகாலமாக வந்துகொண்டிருந்தது போலும். வாசகர் கடிதங்களில் எங்களுக்கு விளங்காத பழைய சண்டைகள் எல்லாம் நடந்துகொண்டிருந்தன. விளையாட்டின் விதிப் புத்தகத்தை நாங்கள் கண்ணாலும் கண்டதில்லை. அடுத்த வீட்டுக் குசினி வாசத்தை வைத்துக் கறி சமைப்பது போல, கட்டுரைகளை வைத்தே விளையாட்டை ஊகித்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த என் அக்கா, பிறகு சல்லி என்ற கடலோரக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் என் பள்ளி நண்பன். அவன் படிப்பை முடித்துவிட்டுத் தகப்பனின் வள்ளத்தோடு நின்றவன். கடலுக்குப் போக அனுமதி கிடைக்காத நாட்களில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சஞ்சிகைகளை வரிவரியாக வாசித்தான். எங்கள் கதையை நடத்துபவனும் அவன்தான்.

என்ன அருமையான கட்டுரைகள்! குகைக்குள் இருக்கிற மிருகம் எதைச் சாப்பிடும், தண்ணீருக்கு எங்கே போகும், குட்டியை எப்படி வளர்க்கும் என்று ஒருவர் விலங்கியல் பாடம் போல எழுதியிருந்தார். இல்லாத மிருகத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு குதிரை கிணற்றுக்குள் விழுந்தால் எப்படி வெளியே எடுப்பது என்று ஒரு வாசகர் கேட்க, ஆசிரியர் சிரிக்காமல் முக்கால் பக்கத்துக்குப் பதில் சொல்லியிருந்தார். கதை நடத்துபவர் இரக்கப்பட்டு யாரையும் காப்பாற்றக் கூடாது, தோற்பவர் தோற்கத்தான் வேண்டும் என்று இன்னொருவர். நண்பனுக்கு அதுதான் வேதம். எங்கள் பாத்திரங்களை அவன் ஈவிரக்கம் இல்லாமல் கொன்றான். கெஞ்சினாலும் மசியமாட்டான். அக்கா ஒருமுறை கோபத்தில் அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க அந்த விளையாட்டில் உருட்டுகிற இருபது பக்கத் தாயக்கட்டைக்கு எங்கே போவது? தகரப் பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் புளியங்கொட்டைகளைப் போட்டு, அக்காவின் நகப்பூச்சால் இலக்கம் எழுதி வைத்தோம். பெரிய இலக்கம் எடுத்தால் வெற்றி, சின்னதை எடுத்தால் சங்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க இதுதான். வீதியில் கவசவாகனம் போகும் சத்தம் கேட்டால் ஒரு கணம் நிறுத்துவோம். பிறகு தொடங்குவோம்.

இடங்களைக் கற்பனை செய்யத் தெரியாதவர்கள் தாங்கள் அறிந்த இடத்தையே வரைந்து அதன்மேல் கதையைக் கட்டலாம் என்று ஒரு கட்டுரை சொன்னது. நல்ல யோசனைதான், எழுதியவரின் நாட்டில். நண்பன் கட்டம் போட்ட தாளில் ஒரு பெரிய கோட்டையை வரையத் தொடங்கினான். பக்கத்தில் கடல் வேண்டுமே, பிறந்த நாள் முதல் பார்த்த எங்கள் குடாவின் வளைவையே போட்டுவிட்டான். காவல் நிலைகள், சுரங்கவழி, களஞ்சியம் எல்லாம் சிவப்பு மையில். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கதவு. அந்தக் கதவைப் பற்றி மட்டும் மாதக்கணக்காகப் பொடி வைத்துக் கதைத்தான்.

"அதைத் திறந்தா நீங்க ரெண்டு பேரும் என்னோட கொஞ்ச நாளைக்குக் கதைக்கமாட்டீங்க, பாருங்கோ" என்பான்.

அந்தப் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும் வழியில், சோதனைச்சாவடியில் அவனைப் பிடித்துவிட்டார்கள். துறைமுக நகரத்தில், துறைமுகம் போலவே ஒரு வளைவு, அதில் காவலும் சுரங்கமும். யார்தான் விடுவார்கள்?

அன்று கந்தோரில் வேலை இருந்ததால் எனக்குச் செய்தி தெரியாது. வீட்டுக்கு வந்தபோது பின்பக்கத்தில் புகை. அம்மா சஞ்சிகைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். பளபளப்பான தாள் சுலபமாக எரியாது, தடியால் கிண்டிக் கிண்டி எரித்தார். அம்மாவைக் குறைசொல்ல மாட்டேன். அடுத்து எங்கள் வீட்டைத் தேடி வருவார்கள் என்றால், கடதாசியை எரிப்பதுதான் அந்த நாளில் எல்லோரும் முதலில் செய்கிற வேலை. ஆனால் அது வெறும் விளையாட்டு என்று காட்ட எங்களிடம் இருந்த ஒரே சாட்சியும் அதோடு சாம்பலாகிப் போனது. புளியங்கொட்டை ரின் மட்டும் தப்பியது.

மறுநாள் காலையில் நண்பனின் தாய் சல்லியிலிருந்து வந்து எங்கள் முற்றத்தில் நின்றார்.

"தம்பி, அது விளையாட்டுத்தான் எண்டு நீங்க வந்து சொன்னாத்தான் என்ர பிள்ளையை விடுவாங்கள்."

போகிறவர்களையும் பிடித்து வைக்கலாம். அக்கா உள்ளே போய்த் தன் வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு, ரின்னைக் கைப்பையில் வைத்து வெளியே வந்தாள். அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். "வா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

இராணுவ முகாம் வாசலில் கைப்பையைக் கொட்டிச் சோதித்தவர்கள், இலக்கம் போட்ட புளியங்கொட்டைகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். உள்ளே ஒரு நடுத்தர வயது அதிகாரி. எங்களுக்குக் கதிரை தந்தார். நண்பனையும் கூட்டி வந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை. அவன் எங்களைப் பார்க்கவே இல்லை.

அதிகாரி படத்தை மேசையில் விரித்தார். அவர் சிங்களத்தில் கேட்க, அக்கா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். இது எந்த இடம்? இல்லாத இடம், சேர். இல்லாத இடத்துக்கு எதற்குக் காவல்?

"காவல் இல்லாட்டி விளையாட்டு சுவைக்காது, சேர்" என்றேன். எனக்கே அது முட்டாள்தனமாகக் கேட்டது.

விளையாட்டைப் படித்த சஞ்சிகைகளைக் காட்டச் சொன்னார். எரித்துவிட்டோம் என்றோம். ஏன் என்று கேட்டார். பயத்தில் என்று அக்கா சொன்னாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார், பிறகு ரின்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு, சரி, விளையாடிக் காட்டுங்கள் என்றார்.

அப்படித்தான் அந்த மேசையில் விளையாடினோம். வழமையாக எழுந்து நின்று, குரலை மாற்றி, கையை வீசிக் கதை நடத்துகிறவன், கைகளை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தொடங்கினான்.

"நீங்க... கோட்டை வாசல்ல நிக்கிறீங்க. காவல்காரன் நிக்கிறான். என்ன செய்யிறீங்க?"

என் பாத்திரம் ஒரு வாள்வீரன். வாளை உருவுகிறேன் என்று அங்கே எப்படிச் சொல்வது?

"வணக்கம் சொல்றன்" என்றேன். அக்கா அதைச் சிங்களத்தில் சொன்னபோது அதிகாரியின் மீசை சற்று அசைந்தது.

காவல்காரன் எங்களைப் போகவிட்டான். சுரங்கம் எப்போதோ இடிந்து மூடிவிட்டது என்றான் நண்பன். களஞ்சியத்துக்குள் நெல் மட்டுமே இருந்தது. மாதக்கணக்காக அவன் கட்டிய கோட்டையை, அதிகாரியின் விரல் போகும் இடமெல்லாம் அவனே ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டு போனான். வழியில் ஒரு மிருகம் குறுக்கே வந்தது. அக்கா ரின்னுக்குள் கையைவிட்டு ஒரு கொட்டையை எடுத்தாள். இலக்கம் இரண்டு. செத்தோம் என்றுதான் அர்த்தம்.

"வெண்டிட்டீங்க. அது விலகிப் போகுது" என்றான் அவன்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரல் தழுதழுக்காமல் மொழிபெயர்த்தாள். எத்தனை முறை கெஞ்சியிருப்போம்! ஒருமுறையாவது எங்களை வெல்லவிட்டானா? எனக்கு அவன்மேல் வந்த பரிதாபம் தாங்க முடியவில்லை.

கடைசியில் அதிகாரியே குனிந்து அந்தக் கதவில் விரலை வைத்தார். இதற்குப் பின்னால் என்ன? அவர் கேட்டது அதிகாரமாக அல்ல. சத்தியமாகச் சொல்கிறேன், கதை கேட்கிற ஆளின் ஆவலோடுதான் கேட்டார்.

நண்பன் படத்தைப் பார்த்தான். "ஒண்டுமில்லை, சேர். வெறும் அறை."

அவர் கொஞ்சம் ஏமாந்து போனார் என்றே நினைக்கிறேன். படத்தை மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். இனிமேல் இப்படி எதையும் வரையாதே என்று எச்சரித்தார். பின்னேரமே அவனை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அங்கே அவர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வேறு யாராவது இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வெளியே காத்திருந்த தாய் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். நாங்களும் அழுதோம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வீதியில் கண்டால் மீனைப் பற்றிக் கதைப்பான், மழையைப் பற்றிக் கதைப்பான். கொஞ்சக் காலத்தில் வெளிநாடு போய்விட்டான்.

போன வருடம் என் மகன் அந்தச் சஞ்சிகையின் பழைய இதழ்களைக் கணினியில் தேடி எடுத்துத் தந்தான். மிருகக் கட்டுரை, கிணற்றில் விழுந்த குதிரை எல்லாம் அப்படியே இருந்தன. சந்தோஷம் தாங்காமல் நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இருவரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தோம். அந்தத் துணிவில் கேட்டுவிட்டேன், "மச்சான், அந்தக் கதவுக்குப் பின்னால உண்மையா என்ன வச்சிருந்தனீ?"

மறுமுனையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெறும் அறைதான், மச்சான்" என்றான்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவன் உயிரோடு வந்ததே போதும் என்று அன்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதில் பிழையில்லை. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவன் எனக்கு அந்த அதிகாரிக்குச் சொன்ன பதிலைத்தான் சொல்கிறான் என்பதை நினைத்தால், முகாமிலிருந்து நாங்கள் அவனை முழுதாகக் கூட்டிக்கொண்டு வரவில்லையோ என்ற கவலை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.